ஓசி இல்லை சார், 90 நாள் கொடுத்திருக்கிறேன்

"ஓசிலதானே வர்றே? கொஞ்சம் தள்ளி நின்னா என்னவாம்?"

போன வாரம் மத்திய கைலாஷ் சிக்னலில் பஸ் நின்றிருந்தபோது என்னைப் பார்த்து ஒருவர் கேட்டது இது. இஸ்திரி மடிப்பு கலையாத சட்டை, கழுத்தில் கம்பெனி அட்டை. தள்ளி நிற்க இடமிருந்தால், அவர் முழங்கை என் விலாவில் குத்தும் இடத்தில் நான் ஏன் நிற்கப்போகிறேன்? என் ஒரு கால்தான் தரையில் இருந்தது. இன்னொரு காலை வைக்க வேண்டிய இடத்தில் யாருடையதோ சாப்பாட்டுக் கூடை. பையை முன்பக்கம் மாட்டிக்கொண்டு, மேல்கம்பியைப் பிடித்தபடி தலையைக் குனிந்துகொண்டேன். காலை ஆறே முக்காலுக்குச் சண்டை போடத் தெம்பு வேண்டும். இருந்த தெம்பை எட்டரை மணி வகுப்புக்கு மிச்சம் பிடித்து வைத்தேன்.

அன்று விழுங்கிய பதிலை இப்போது சொல்கிறேன் சார்.

ஓசியில்தான் வருகிறேன். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லை. அது மட்டும் வராமல் இருந்திருந்தால் +2 முடித்த கையோடு நானும் ஏதாவது ஜவுளிக் கடையில் நின்றிருப்பேன். எங்கள் பிளாக்கில் அப்படி நின்றுபோன பெண்கள் நாலு பேரை எனக்குத் தெரியும். அந்த நன்றி எனக்கு உண்டு. அரசுப் பள்ளியில் படித்ததால் மாதம் 1,000 ரூபாய் புதுமைப் பெண் உதவித்தொகை வருகிறது. அதற்கும் நன்றி உண்டு. நாங்கள் இருக்கும் வீடும் ஒதுக்கீட்டு வீடுதான். ஆக, வீடு ஓசி, பஸ் ஓசி, படிப்புக்கும் காசு. உங்கள் கணக்குப்படி என்னைப்போல் கொடுத்துவைத்தவள் இந்தச் சென்னையில் இல்லை.

நான் பி.காம். மூன்றாம் வருடம். வரவு எழுதினால் பற்றும் எழுத வேண்டும் என்று முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்தார்கள். பற்றுப் பக்கத்தை எழுதுகிறேன், பாருங்கள்.

நான் இருக்கும் பெரும்பாக்கம் எழில் நகரிலிருந்து கல்லூரிப் பக்கம் இருக்கும் பாரிமுனை கிட்டத்தட்ட 25 கிலோமீட்டர். போக 2 மணி நேரம், வர 2 மணி நேரம்; மழை நாளைச் சேர்க்கவில்லை. வருடத்துக்கு 180 வேலைநாள். 720 மணி நேரம். மூன்று வருடத்துக்கு 2,160. அதை 24-ஆல் வகுத்தால், மீதி இல்லாமல் 90 நாள். தொண்ணூறு பகல், தொண்ணூறு இரவு. ஒரு செமஸ்டருக்கு வேலைநாள் 90 என்பார்கள். அத்தனை நாளும் ராப்பகலாக நான் பஸ்ஸிலேயே குடியிருந்ததற்குச் சமம். இருபது வயதில் ஒருத்தியின் 90 நாளுக்கு என்ன விலை சார்? அந்த நாளில் நான் டேலி கற்றிருப்பேன், இங்கிலீஷ் பேசப் பழகியிருப்பேன், ஒன்றுமில்லாவிட்டால் தூங்கியாவது இருப்பேன்.

"அவ்வளவு தூரத்தில் ஏன் படிக்கிறாய்?" என்று கேட்பீர்கள். எல்லோரும் கேட்கிறார்கள். கேள்வியைத் திருப்பிப் போடுங்கள். நான் தூரத்துக்குப் போய்ப் படிக்கவில்லை. படிக்கும் இடத்திலிருந்து என்னைத் தூரமாகக் கொண்டுபோய் வைத்தார்கள்.

நான் பிறந்தது சிந்தாதிரிப்பேட்டையில், கூவத்தின் கரையில். அப்பாவுக்கு அங்கே மீன் மார்க்கெட்டில் மீன் வெட்டும் வேலை. அம்மாவுக்கு எழும்பூரில் இரண்டு வீடு, புதுப்பேட்டையில் ஓர் ஆபீஸ் கூட்டும் வேலை. இரண்டு பேரும் நடந்தே போய் நடந்தே வருவார்கள். என் பள்ளி ஐந்து நிமிட நடை. இன்று நான் படிக்கும் கல்லூரிக்கு அங்கிருந்து கால்மணி நேரப் பஸ். காசு இல்லாத நாளில் நடந்தாலும் முக்கால் மணி நேரம் ஆகாது.

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரையில் இருந்தவர்களுக்கெல்லாம் ஒரே பெயர் வைத்தார்கள்: ஆக்கிரமிப்பு. எங்கள் முறை 2019 கடைசியில் வந்தது. நான் ஒன்பதாம் வகுப்பு. அரையாண்டுத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. அறிவியல் தேர்வுக்கு முந்தின நாள் லாரி வந்து நின்றது. பீரோ, கட்டில், சிலிண்டர், அடுப்பு, அதன்மேல் நாங்கள். சாமான் ஏற்றுகிற அண்ணன், "பாப்பா, புக்கை மூட்டையில போடாத, கையில வெச்சுக்கோ. எந்த மூட்டை எங்க போவும்னு எங்களுக்கே தெரியாது" என்றார். அந்த நாளில் எங்களை மனிதராக நினைத்துப் பேசிய ஒரே ஆள் அவர். மறுநாள் தேர்வுக்குப் பெரும்பாக்கத்திலிருந்து கிளம்பி, இரண்டு பஸ் மாறி, கேள்வித்தாள் கொடுத்து முக்கால் மணி நேரம் கழித்துப் போய்ச் சேர்ந்தேன். இந்த ஊர்ப் பேருந்தில் என் பட்டப்படிப்பு அன்று தொடங்கியது.

வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று சொல்லி எங்களை எங்கே வைத்தார்கள் தெரியுமா? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் பக்கத்தில். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்தபோது பள்ளிக்கரணையும் வேளச்சேரியும் பெரும்பாக்கமும் சேர்ந்து மிதந்தன. எட்டு மாடிக் கட்டிடம் என்பதால் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. ஆனால் வண்டி வரவில்லை, கரண்ட் வரவில்லை, லிப்ட் ஓடவில்லை. கூவம் ஓரத்தில் வெள்ளம் வந்தால் மவுண்ட் ரோடு பக்கம் ஏறி நிற்போம். இங்கே ஏறி நிற்க ஒரு மேடு கிடையாது.

இதே சென்னையில் 1970-களில் குடிசைகளை எடுத்துவிட்டு அந்தந்த இடத்திலேயே அடுக்குமாடி கட்டிக் கொடுத்தார்கள். மெரினா ஓரம் நொச்சிக்குப்பத்தில் அப்படிக் கட்டியதால்தான் மீன் பிடிக்கிறவர் கடலுக்கு எதிரிலேயே இருந்தார். பிறகு ஊருக்குள் நிலம் பொன்னானது. 2000-க்குப் பிறகு கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று ஊரின் விளிம்புக்கு விளிம்பாகத் தள்ளிக்கொண்டே போனார்கள். பெயரெல்லாம் அழகு. எழில் நகர்! நேர்முகத் தேர்வில் இந்த முகவரியைச் சொன்னதும் எதிரில் உட்கார்ந்திருப்பவர் புருவம் எப்படி ஏறுகிறது என்று ஒருநாள் என் கூட வந்து பாருங்கள்.

"பெரும்பாக்கத்திலேயே ஓர் அரசுக் கல்லூரி இருக்கிறதே?" என்பீர்கள். இருக்கிறது. நான் கேட்ட பாடத்தில் என் மார்க்குக்கு அந்த வருடம் அங்கே இடம் கிடைக்கவில்லை. கிடைத்தது பாரிமுனைக்கு அப்பால். பழைய மகாபலிபுரம் சாலை நெடுகத் தனியார் கல்லூரிகள் வரிசையாக நிற்கின்றன; அவற்றின் பளபளப்பான பஸ்கள் எங்கள் நிறுத்தத்தைத் தாண்டித்தான் போகின்றன. அந்தக் கல்லூரிகளின் ஒரு வருடக் கட்டணம் என் அப்பா எத்தனை வஞ்சிரம் வெட்டினாலும் வராது.

இனி என் காலையைச் சொல்கிறேன்.

நாலே முக்காலுக்கு எழுந்திருப்பேன். லிப்ட் ஓடினால் லிப்ட், இல்லாவிட்டால் ஆறு மாடி. ஐந்தரைக்கு நிறுத்தம். அங்கே ஏற்கெனவே நாற்பது பெண்கள் நிற்பார்கள். வீட்டு வேலைக்குப் போகிறவர்கள், ஆஸ்பத்திரி கூட்டுகிறவர்கள், பூக்கூடைக்காரர்கள், என் மாதிரி ஏழெட்டு மாணவிகள். தூரத்தில் வெளிச்சம் தெரிந்ததும் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "வெள்ளை போர்டா?" வெள்ளை போர்டு என்றால் காசில்லாமல் ஏறலாம். டீலக்ஸ் என்றால் பெருமூச்சு. டீலக்ஸ்காரர் நின்று நிதானமாக ஏற்றிக்கொண்டு போவார். வெள்ளை போர்டு வந்தால் நிறுத்தத்தைத் தாண்டி ஐம்பது அடி தள்ளிப்போய்த்தான் நிற்கும், சில நாள் நிற்காமலே போகும். நாங்கள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடுவோம். பின்வாசலில் தொங்கியபடி கண்டக்டர் கத்துவார்: "உள்ள போ, உள்ள போ... பின்னாடி வண்டி காலியா வருதும்மா!"

இந்த மூன்று வருடத்தில் பின்னால் காலியாக வந்த அந்த வண்டியை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

கண்டக்டரைத் திட்டி என்ன ஆகப்போகிறது? ஐம்பது பேர் உட்காரும் வண்டியில் நூற்றுக்கு மேல் ஏறினால் அவரும்தான் நசுங்குகிறார். ஊருக்கு எத்தனை பஸ் வேண்டும் என்பதற்கு மத்திய நகர்ப்புற வளர்ச்சி அமைச்சகமே முன்பு ஓர் அளவு வகுத்திருந்தது: ஆயிரம் பேருக்கு 0.6, அதாவது லட்சம் பேருக்கு 60. 2011 கணக்கெடுப்பில் சென்னையும் சுற்றுப்புறமும் சேர்ந்து 86 லட்சம் பேர். அந்தப் பழைய தலைக்கணக்குக்கே ஐயாயிரத்துக்கு மேல் பஸ் ஓட வேண்டும். ஓடுவது மூவாயிரத்துச் சொச்சம். மீதி வண்டிகளில் ஏற வேண்டியவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்கிறீர்களா? உங்கள் முழங்கைக்கும் என் விலாவுக்கும் நடுவில் இருக்கிறார்கள் சார்.

ரயிலையும் பார்த்துவிட்டேன். 2023 ஜூலையில் கல்லூரியில் சேர்ந்ததும் ஒரு சீனியர் அக்கா சொன்னார்: "பஸ்ஸை நம்பாதடி. வேளச்சேரி வரைக்கும் பஸ், அங்கேருந்து பறக்கும் ரயில். பீச்சுல இறங்கு, நடந்துடலாம்." முதல் மாத உதவித்தொகையில் சீசன் டிக்கெட் எடுத்தேன். சில வாரம் சொர்க்கம். ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. மடியில் புத்தகம் விரிக்க முடிந்தது. ஆகஸ்ட் 27-ஆம் தேதி முதல் கடற்கரைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் நடுவில் ரயில் கிடையாது என்று அறிவித்தார்கள். நாலாவது பாதை போடும் வேலை. சில மாதங்கள் என்றார்கள். 2024 அக்டோபர் 29 வரை இழுத்தது. பதினாலு மாதம்.

அந்தப் பதினாலு மாதமும் ரயில் என்னை எங்கே இறக்கிவிட்டது என்று கவனித்தீர்களா? சிந்தாதிரிப்பேட்டை. பெரும்பாக்கத்தில் கிளம்பி, வேளச்சேரியில் மாறி, பெருங்குடி, தரமணி, மயிலை, சேப்பாக்கம் எல்லாம் தாண்டி, நான் பிறந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்தி, இதற்கு மேல் போகாது, இறங்கு என்றது. மேம்பாலத்து நடைமேடையிலிருந்து பார்த்தால் கூவம் தெரியும். நாங்கள் இருந்த கரையில் கம்பிவேலி போட்டுச் செடி நட்டிருக்கிறார்கள். எங்கள் வீட்டு வாசலில் ஒரு பூவரச மரம் உண்டு. அதை மட்டும் வெட்டவில்லை. ஒருநாள் அந்த மரத்தையே பார்த்துக்கொண்டு நின்று, கோட்டைப் பக்கம் போகும் பஸ்ஸையும் விட்டுவிட்டேன். முதல் வகுப்பு போனது. வருகைப் பதிவேட்டில் அதற்கு என்ன காரணம் எழுதுவது? 'பழைய வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்' என்றா? வருகை 75 சதவீதத்துக்குக் கீழே போனால் அபராதம் கட்டித்தான் தேர்வு எழுத வேண்டும். கட்டினேன்.

ரயில் மறுபடி கடற்கரை வரைக்கும் ஓடத் தொடங்கியபோது என்னிடம் சீசன் டிக்கெட்டுக்குக் காசு இல்லை. அந்த ஆயிரத்துக்கு வீட்டில் வேறு வேலை வந்திருந்தது.

தேர்வு நாளைச் சொல்லாமல் விட்டால் இந்த வயிற்றெரிச்சல் அடங்காது. மூன்றாம் செமஸ்டர், கார்ப்பரேட் அக்கவுண்டிங். பத்து மணிக்குத் தேர்வு. இரவெல்லாம் மழை கொட்டியதால் ஆறுக்கே கிளம்பிவிட்டேன். நாலு மணி நேரம் கையில் இருக்கிறதே என்று ஒரு தைரியம். துரைப்பாக்கம் வரை வண்டி ஊர்ந்தது. அங்கே மெட்ரோ தூண் வேலைக்காகச் சாலையைப் பாதியாகக் குறுக்கியிருந்தார்கள். மிச்சப் பாதியில் முழங்கால் தண்ணீர். வண்டி இருமியது, நின்றது. டிரைவர் இறங்கிப் பார்த்துவிட்டு, "அவ்ளோதாம்மா, எல்லாரும் எறங்கிடுங்க" என்றார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன். ஷேர் ஆட்டோக்காரர் அன்று அடையாறு வரைக்கும் 100 ரூபாய் கேட்டார், கொடுத்தேன். அடையாறிலிருந்து இன்னொரு பஸ். கல்லூரி வாசலில் இறங்கும்போது மணி பத்தே முக்கால்.

"அரை மணி வரைக்கும்தாம்மா விட முடியும். ரூல்ஸ்" என்றார் வாசலில் நின்றவர். அவர் குரலில் கோபம் இல்லை. என் பாவாடை ஓரத்திலிருந்து சொட்டிய தண்ணீரைப் பார்த்துவிட்டு, "போய் உக்காரு, டீ வாங்கித் தரேன்" என்றார். டீ குடித்தேன். உள்ளே பேனாக்கள் ஓடிக்கொண்டிருந்தன. எனக்கு மனப்பாடமான கணக்குகள் தலைக்குள் வரிசையாக வந்து நின்று, பேர் கூப்பிடாததால் திரும்பிப் போயின.

அடுத்த செமஸ்டரில் அதே தேர்வை எழுதினேன். 71 மார்க். தெரியாத பாடத்தில் தோற்றவள் இல்லை நான். ஆனால் வளாக வேலைவாய்ப்புக்கு வருகிற கம்பெனிகள் ஒரு படிவம் கொடுக்கின்றன: 'எப்போதாவது அரியர் வைத்திருந்தீர்களா?' அதில் 'ஆம்' கட்டத்தில் டிக் போட வேண்டும். ஏன் என்று எழுதக் கோடு கிடையாது. கழுத்தில் அட்டை மாட்டிய உங்களுக்கு அந்தப் படிவம் தெரிந்திருக்கும் சார்.

என் தம்பி கதை இன்னும் சின்னது. அவன் ஆண்பிள்ளை, ஓசி கிடையாது. ஊருக்குள் ஒரு பாலிடெக்னிக்கில் சேர்ந்தான். சலுகைப் பாஸ் கைக்கு வர வகுப்பு தொடங்கி இரண்டு மாதம் ஆனது. அதுவரை காசு, அதன்பிறகு படிக்கட்டு. படிக்கட்டில் தொங்குகிற பையனைப் பார்த்தால் உங்களுக்கு என்ன தோன்றும் என்று எனக்குத் தெரியும். 2019 ஜூனில் பஸ் டே என்று கூரைமேல் ஏறி ஆடிய மாணவர்கள், வண்டி நின்றதும் கொத்தாகக் கீழே விழுந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பஸ் ரூட்டுக்கு ஒரு மாணவர் தலைவன் என்று ரூட்டு தல, கானா, கத்தி. அதெல்லாம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் தொங்குகிறவன் எல்லாம் ஆட்டம் போடுகிறவன் இல்லை. உள்ளே காலி இருந்தும் வெளியே தொங்குகிறவன் கொஞ்சம். ஒரு கால் வைக்க இடம் கிடைத்ததே என்று தொங்குகிறவன்தான் மிச்சம்.

2012 டிசம்பர் 10-ஆம் தேதி இதே பழைய மகாபலிபுரம் சாலையில், பெருங்குடிப் பக்கத்தில், படிக்கட்டில் நின்று வந்த நான்கு மாணவர்கள் லாரி மோதிச் செத்தார்கள். 2018 ஜூலையில் பரங்கிமலை ஸ்டேஷனில் மின்சார ரயிலில் தொங்கி வந்தவர்களைக் காங்கிரீட் சுவர் தட்டிக் கொன்றது. ஒவ்வொரு தடவையும் நமக்குக் கிடைப்பது அறிவுரை: படியில் பயணம் நொடியில் மரணம். கதவு வைத்த வண்டிகளும் வந்தன. கதவு மூடினால் தொங்குவது நிற்கும், சரி. ஏற முடியாமல் ரோட்டிலேயே நிற்கிறவனை எந்தக் கதவு ஏற்றிக்கொள்ளும்?

தம்பி இரண்டாம் வருடத்தில் நின்றுவிட்டான். யாரும் அவனை நிறுத்தவில்லை. காலையில் இரண்டு வண்டியை விட்டுவிட்டுத் திரும்பி வந்து படுத்தான், மறுநாளும் அப்படியே, அதற்கு மறுநாள் கிளம்பவே இல்லை. இப்போது தவணையில் வண்டி எடுத்து, அதே சாலையில் உங்கள் மாதிரிக் கம்பெனிக்காரர்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்து கொடுக்கிறான். 'பத்து நிமிஷம் லேட்' என்று நீங்கள் ஒற்றை நட்சத்திரம் போடுவது அவனுக்குத்தான்.

"மெட்ரோ வருதுல்ல" என்று ஆறுதல் சொல்கிறார்கள். வருகிறது. இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், 63,246 கோடி ரூபாய். மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூர் வரும் பாதையில் பெரும்பாக்கம் என்றே ஒரு நிலையம் உண்டு. வரட்டும், சந்தோஷம். ஆனால் இந்த ஊரில் எது எப்போது வரும் என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்கு வெறும் 5 கிலோமீட்டர் பறக்கும் ரயில் பாதை. 2008-ல் வேலை தொடங்கியபோது எனக்கு மூன்று வயது. நான் கல்லூரியில் சேர்ந்தபோதும் அது ரயில் ஓடாத பாலமாகத்தான் நின்றது. தூணை நம்பி யாரும் வகுப்புக்குப் போக முடியாது. முதலில் ரயிலும் பஸ்ஸும் வந்து, பிறகு ஆட்களைக் குடிவைத்திருக்க வேண்டும். இங்கே மனிதர்களைக் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் பாதைக்கு வரைபடம் போட்டார்கள்.

வணிகச் சட்ட வகுப்பில் ஒருநாள் எங்கள் மேடம், பாடத்தில் இல்லாத ஒரு வழக்கைச் சொன்னார். மும்பை நடைபாதைவாசிகள் வழக்கு, 1985. பிழைப்புக்கான உரிமையும் வாழ்வுரிமைக்குள் அடக்கம் என்று உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு. அந்த மக்கள் அங்கே படுத்துக்கிடப்பது அவர்களின் வேலை அங்கே இருப்பதால்தான் என்று நீதிமன்றத்துக்கே புரிந்திருக்கிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த வரியையும் மேடம் மறைக்காமல் சொன்னார்: ஆனாலும் மழைக்காலம் முடிந்தபிறகு அவர்களை அகற்றலாம் என்று அதே தீர்ப்பு சொல்கிறது. புரிந்துகொண்டார்கள், அகற்றச் சொன்னார்கள். வகுப்பே அமைதியாக இருந்தது. எனக்கு அப்பா ஞாபகம் வந்தது.

அப்பா மார்க்கெட்டில் அதிகாலை மூன்றரைக்கு நிற்க வேண்டும். லாரி இறங்கும் நேரம் அது. அந்த நேரத்துக்குப் பெரும்பாக்கத்திலிருந்து அவரைக் கொண்டுபோய்ச் சேர்க்க வண்டி கிடையாது. ஆறு வருடமாக அவர் திங்கள் முதல் சனி வரை மார்க்கெட்டிலேயே, மீன் பெட்டிகளுக்குப் பக்கத்தில் சாக்கு விரித்துப் படுக்கிறார். ஞாயிறு மதியம் வருவார், இரவு கிளம்பிவிடுவார். எங்களுக்குக் கொடுத்த வீட்டில் அப்பாவுக்கு இடம் உண்டு. அவர் வந்து படுக்க வண்டி இல்லை. எங்களை நடைபாதையிலிருந்து காப்பாற்றியதாகப் பேசுகிறீர்களே, நடைபாதையில் இல்லாதிருந்த என் அப்பாவை நடைபாதைக்கு அனுப்பியது இந்த வீடுதான்.

அதிகாலை ஒரு வண்டி விடச் சொல்லி மனு எழுதினேன். பிளாக் முழுக்க ஏறி இறங்கி 212 கையெழுத்து வாங்கினேன். ஒரு திங்கட்கிழமை வகுப்பை விட்டுவிட்டு வரிசையில் நின்று கொடுத்தேன். வாங்கியவர் முத்திரை குத்தி, "இது எங்களுக்கு வராதும்மா, சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பிடுறோம்" என்றார். போனில் ஒரு குறுஞ்செய்தி வந்தது, மனு எண்ணோடு. இரண்டு மாதம் கழித்து இன்னொரு குறுஞ்செய்தி: 'தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டு முடித்துவைக்கப்பட்டது.' முடித்துவைத்துவிட்டார்கள். அப்பா இன்னும் சாக்கில்தான் படுக்கிறார்.

மதியம் கல்லூரி விட்டதும் மண்ணடியில் ஒரு இரும்புக் கடையில் ஆறு மணி வரை பில் எழுதுகிறேன். அதன்பிறகு பாரிமுனையில் வண்டி ஏறினால் வீடு சேர எட்டரை, ஒன்பது. போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. வண்டி கிளம்பும்போதே நெரிசல். பின்வாசல் பக்கம் கம்பியில் சாய்ந்துகொண்டேன். சிம்சன் நிறுத்தத்தில் இருபது பேர் ஏறினார்கள். நின்றுகொண்டே தூங்குவது எனக்குப் பழக்கம், தூங்கிவிட்டேன். எழில் நகரில் கடைசியாக இறங்கி நடக்கும்போது முன்னால் ஒரு பெண் போய்க்கொண்டிருந்தார். கையில் மஞ்சள் பை, நைந்த கைப்பிடியில் பச்சைக் கயிறு சுற்றியது. அந்தக் கயிற்றைச் சுற்றியது நான்.

"அம்மா!"

திரும்பிப் பார்த்தாள். "நீயும் இதே வண்டியாடி? எங்க ஏறுன?"

"பாரிமுனை. நீ?"

"சிம்சன். முன்னாடி நின்னுட்டு வந்தேன். கால் ரெண்டும் விட்டுப்போச்சு."

ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஒரே வண்டிக்குள் வந்திருக்கிறோம். நடுவில் அறுபது பேர். அவள் முன்னால், நான் பின்னால். இருவரில் ஒருத்திக்காவது உட்கார இடம் கிடைத்திருந்தால் இன்னொருத்தியைக் கூப்பிட்டு மடியில் பையையாவது வாங்கி வைத்திருப்போம். லிப்ட் அன்றைக்கும் ஓடவில்லை. மூன்றாவது மாடியில் அம்மா படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்த வாரத்தில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"அந்த ஆபீஸ்ல இன்னிக்கு மீந்த கேக்கு குடுத்தாங்க" என்று மஞ்சள் பையைத் திறந்தாள். நெரிசலில் நசுங்கி அது காகிதத்தோடு ஒட்டிப்போயிருந்தது. விரலால் வழித்துத் தின்றோம்.

எனக்குக் கடைசி செமஸ்டரும் முடியப்போகிறது. என் 90 நாளைத் திருப்பிக் கேட்டு ஒரு பிரயோஜனமும் இல்லை என்று எனக்குத் தெரியும். கூவக்கரையையும் கேட்கவில்லை, வேலி போட்டுவிட்டீர்கள். ஆனால் அடுத்த தடவை மத்திய கைலாஷ் சிக்னலில் ஒரு பெண்ணைப் பார்த்து ஓசி என்று சொல்லத் தோன்றினால், வாயை மூடிக்கொள்ளுங்கள் சார். அந்த டிக்கெட்டுக்கு நாங்கள் எப்போதோ காசு கொடுத்துவிட்டோம். மீன் மார்க்கெட்டில் சாக்கு விரித்துப் படுத்திருக்கிற ஒருவர் இன்றைக்கும் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

காலை இரண்டே முக்காலுக்கு ஒரு வண்டி. வெள்ளை போர்டு வேண்டாம், காசு வாங்கிக்கொள்ளட்டும். அதை யார் விடுவார்கள் என்று மட்டும் யாராவது சொல்லுங்கள். 212 கையெழுத்தும் என்னிடம் நகலாக இருக்கிறது.